தின்னாமையும் தீட்டும்

1

இந்தக் கட்டுரையின் முற்பகுதியை எழுதியபோது நான் கறி தின்றதில்லை. முப்பத்து நான்கு வருஷம், முட்டைகூட நாக்கில் பட்டதில்லை. கறி மணக்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற மதுரையில் இது ஒரு சாதனைபோலத் தோன்றலாம். அப்படி ஒன்றுமில்லை. இதற்காக நான் எதுவும் செய்யவில்லை. சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்தேன், அவ்வளவுதான். கவிச்சி வாடை வந்தால் மூக்கைப் பொத்த வேண்டும் என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே உடம்பு கற்றுக்கொண்டிருந்தது.

தின்று பார்ப்பது என்று தீர்மானித்தது ஓர் ஏனத்தால். திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் தொடங்குகிற பக்கத்தில், ஒரு சேரியில் இருக்கிறது நண்பர் ஒருவரின் வீடு. பத்து வருஷமாகப் போய்வருகிறேன். கூட்டம், பத்திரிகை வேலை, சும்மா பேச்சு என்று எதற்காகப் போனாலும் அவருடைய அம்மா எனக்குச் சாம்பார் வைத்துவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் தண்ணீர் மொள்ள அடுக்களைக்குப் போனபோது, பரண்மேல் துணியில் சுற்றி வைத்திருந்த சின்ன எவர்சில்வர் குண்டாவும் தட்டும் கரண்டியும் கண்ணில் பட்டன. 'என்னம்மா இது' என்றேன். 'அது ஒங்களுக்குன்னு வாங்கி வச்சது தம்பி. கவிச்சி படாத ஏனம். நீங்க வந்தா சங்கடப்படாமச் சாப்பிடணும்ல' என்றார்கள்.

நான் கேட்டு அதை வாங்கவில்லை. கேட்காமலேயே வாங்க வைத்திருக்கிறேன் என்பதுதான் விஷயம். நூறுநாள் வேலைக்குப் போய்வந்த கூலியில் வாங்கிய ஏனம் அது. டீக்கடைகளில் தனிக்குவளை வைப்பதைக் கண்டித்து நானும் அந்த அம்மாவின் மகனும் சேர்ந்து நோட்டீஸ் அடித்திருக்கிறோம். இங்கே அந்த வீட்டுப் பரணிலேயே ஒரு தனிக்குவளை இருந்தது, தலைகீழாக்கப்பட்ட வடிவத்தில். அங்கே தீட்டுள்ளவராக ஆக்கப்பட்டவருக்குத் தனி ஏனம். இங்கே தீட்டுப்படக் கூடாதவனாக ஆக்கப்பட்டவனுக்குத் தனி ஏனம். இரண்டிலும் அவமானமும் செலவும் ஒரே பக்கத்தில்தான் விழுகின்றன.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சைவம்' × 'அசைவம்'. தமிழகத்தில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள் என்று 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பு சொல்கிறது. நூற்றுக்கு மூன்று பேர்கூட மிஞ்சவில்லை. ஆனால் அந்த மூன்று பேருக்குத்தான் பெயர் இருக்கிறது. தொண்ணூற்றேழு பேருக்குப் பெயர் கிடையாது. சிறுபான்மையின் பெயருக்கு முன்னால் ஓர் 'அ' போட்டுக் கொடுத்திருக்கிறோம். முஸ்லிம் வீட்டுப் பிரியாணியும் கிறிஸ்தவர் வீட்டு மீன்குழம்பும் மட்டுமல்ல, நாள்தவறாமல் திருநீறு பூசிச் சிவனையே கும்பிடுகிறவர் வீட்டுக் கோழிக்குழம்பும் 'சைவம் அல்லாதது'. பெரும்பான்மையின் உணவு ஓர் இன்மையாக, ஒரு வழுவாகப் பெயரிடப்பட்டிருக்கிறது. அதிகாரம் மொழிக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை; சாப்பாட்டுக்கடைப் பலகை போதும். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். அந்தச் சொல் போயிற்று. அது செய்துகொண்டிருந்த வேலையின் ஒரு பகுதியை 'உயர்தர சைவம்' என்கிற தொடர் எடுத்துக்கொண்டது. 'சைவம் மட்டும்' என்று வாடகை வீட்டு அட்டையில் எழுதுகிறவர் சமையலைப் பற்றியா பேசுகிறார்? யாரை உள்ளே விடுவதில்லை என்பதைச் சாதிப்பெயர் சொல்லாமல் சொல்லத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் சைவத்தின் சொந்தக் கதைகளே இந்தச் 'சைவ'த்தை ஒத்துக்கொள்வதில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், கண்ணப்பர் தாம் கடித்து ருசி பார்த்த பன்றிக்கறியைத்தான் சிவனுக்குப் படைக்கிறார். சிறுத்தொண்டர் பெற்ற பிள்ளையையே அறுத்துக் கறி சமைக்கிறார். கேட்டவர் பைரவ வேடத்தில் வந்த சிவன். இதையெல்லாம் பக்தியின் உச்சம் என்று ஓதிவிட்டு, பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் ஜன்னலைச் சாத்துகிறோம்.

'கறி' என்ற சொல்லும் அலைந்த சொல்தான். சங்கப் பாடல்களில் அது மிளகு. வைணவ வீடுகளில் 'கறியமுது' என்றால் காய். யாழ்ப்பாணத்தில் காய்கறியை 'மரக்கறி' என்கிறார்கள். மதுரையில் முன்னொட்டு எதுவும் இல்லாமல் 'கறி' என்றால் ஆடு மட்டும்தான். கோழிக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் பெயர் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். (இதற்குள் ஓர் ஏணி இருக்கிறது. பின்னால் வருவோம்.)

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் போகிற வழியெல்லாம் சாப்பாடு வருகிறது. வேட்டுவக் குடியில் உப்புக்கண்டம், ஆயரிடம் தினையும் பாலும், உழவரிடம் நெற்சோறும் கோழியும், வலைஞரிடம் மீன், அந்தணர் மனையில் ஊனில்லாத சோறும் மாங்காய் ஊறுகாயும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் பட்டியல் அது. உயர்வு தாழ்வு சொல்லவில்லை. ஆனால் அந்தணர் மனைப்பக்கம் கோழியும் நாயும் அண்டுவதில்லை என்று சொல்லும்போது வேலி முளைவிட்டிருக்கிறது. அதே காலத்துத் தொகையில் அந்தணரான கபிலர், தம் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று சேரன் கேட்டதற்கு, ஊனும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்கிற பொருளில் விடை சொல்கிறார். ஆக, என் வீட்டார் 'ஆதிகாலத்திலிருந்து' என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. 1923இல் 'வேளாளர் நாகரிகம்' எழுதிய மறைமலையடிகள் உயிர்க்கொலையும் ஊனும் தவிர்த்ததை வேளாளர் மேன்மையின் அடையாளமாக முன்வைத்தது, ஒரு பழமையைக் கட்டமைக்கும் வேலை. அந்தக் கட்டுமானத்துக்குள் பிறந்தவன் நான்.

3

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தோழர்கள் வழக்கமாகக் கேலியில் முடித்துவிடுவார்கள். நான் அப்படி முடிக்க விரும்பவில்லை. மதுரையைச் சுற்றி மாங்குளம், அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம், யானைமலை, கீழக்குயில்குடி என்று எந்தக் குன்றில் ஏறினாலும் சமணர் கற்படுக்கைகளோ சிற்பங்களோ இருக்கின்றன. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. அந்தக் கல்லில் படுத்திருந்தவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இன்னொரு உயிரின் வலிக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய்? இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. கோழிப்பண்ணைக் கொட்டகைக்குள் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். (அந்தச் சமணர்களைத்தான் சைவம் மதுரையில் கழுவேற்றியதாகப் புராணம் பெருமையோடு சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, உயிர்க்கொலை மறுத்தவர்களைக் கொன்ற கதையைக் கொண்டாடிக்கொண்டே அவர்களுடைய உணவுக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது சைவம்.)

குறளில் 'புலால் மறுத்தல்' 26ஆம் அதிகாரம், 'கொல்லாமை' 33. இரண்டுமே துறவறவியலில் இருக்கின்றன, இல்லறவியலில் அல்ல. அதாவது எல்லாவற்றையும் விடத் துணிந்தவனுக்கு அது ஒரு நோன்பு. வீடு, நிலம், நகை, சாதி எதையும் விடாமல் கறியை மட்டும் விட்டிருக்கிற எங்களுக்கு அது என்ன?

எனவே கொல்லாமையையும் தீட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொல்லாமையின் அக்கறை விலங்கைப் பற்றியது. தீட்டின் அக்கறை என்னைப் பற்றியது. இரண்டும் ஒரே இலையில் பரிமாறப்படுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. என்னை நானே மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்தேன்.

ஒன்று, ஏனம். கறி சமைத்துக் கழுவிக் காயவைத்த சட்டியில் சாம்பார் வைத்தால் எந்த ஆட்டுக்கும் கூடுதலாக வலிக்கப் போவதில்லை. ஆனாலும் எனக்குக் குமட்டும். இரண்டு, பட்டு. இழை அறுபடாமல் வருவதற்காகக் கூட்டுக்குள் புழு இருக்கும்போதே வேக வைக்கிறார்கள். என் வீட்டுக் கல்யாணங்களில் அதைத்தான் உடுத்துகிறோம், யாருக்கும் குமட்டியதில்லை. மூன்று, பால். காளைக்கன்றும் கறவை வற்றிய பசுவும் எங்கே போகின்றன என்று தயிர்சாதம் பிசையும்போது யாரும் கேட்டதில்லை. மூன்றிலும் நான் தோற்றேன். என் உடம்புக்குள் இருந்தது சமண முனிவர் இல்லை. வாசலில் நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றிய என் பாட்டி.

4

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் நாட்டில் 1949-50வாக்கில் தங்கி ஆய்வு செய்தவர் லூயி துய்மோன் என்கிற பிரெஞ்சு மானிடவியலாளர். பின்னால் 1966இல் 'ஹோமோ ஹைரார்கிகஸ்' எழுதி, சாதி என்பது தூய்மை × தீட்டு என்கிற எதிரிணையின்மேல் நிற்கும் படிநிலை என்று உலகத்துக்குச் சொன்னவர். அவருடைய கவனத்தை ஈர்த்தவற்றில் ஒன்று நம் ஊர்க்கோயில் சமாச்சாரம். ஒரே கோயிலில் அய்யனார் சைவம், கறுப்பன் அசைவம். கறுப்பனுக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனாருக்கு முன்னால் திரை போட்டுவிடுவார்கள். வெட்டி முடிந்ததும் திரையை விலக்குவார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அய்யனாரின் காவல்காரர் கறுப்பன். கீழே இருப்பவர் ரத்தத்தைக் கையாள்வதால்தான் மேலே இருப்பவர் சுத்தமாக இருக்க முடிகிறது.

துய்மோன் கவனித்தது சரி. ஆனால் அந்தத் திரையை எல்லாரும் மனம் ஒப்பிப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவர் எழுதியதுதான் பிரச்சினை. திரையைப் பிடிக்கிற கைக்குப் பின்னால் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, அடி இருக்கிறது. சில சமயம் சட்டமும் இருக்கிறது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரை நூற்றாண்டு தூங்கிக்கொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் அன்றைய அ.தி.மு.க. அரசு அதை எழுப்பி நடைமுறைப்படுத்தச் சொன்னது. மதுரை வட்டாரத்தில் அது விலங்குநலமாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. 'எங்க சாமி என்ன திங்கணும்னு நீ யாரு சொல்றதுக்கு' என்பதாகத்தான் கேள்வி எழுந்தது. 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்றைக்கும் பாண்டி கோயிலுக்குப் போனால் கிடாய் வெட்டி, அங்கேயே அடுப்புக் கூட்டி, உறவுக்கும் ஊருக்கும் இலை போடுவதைப் பார்க்கலாம். அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதுண்டு. அந்தத் திரை நான் போட்டது.

5

கறி தின்னத் தீர்மானித்த சைவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் காந்திதான். ராஜ்கோட்டில் பள்ளி மாணவனாக இருந்தபோது, ஆங்கிலேயன் பலசாலியாக இருப்பதற்குக் கறிதான் காரணம் என்று ஒரு நண்பன் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஆட்டுக்கறி தின்றார். அன்று இரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல இருந்தது என்று சுயசரிதையில் எழுதினார். ஏறத்தாழ ஒரு வருஷத்தில் ஐந்தாறு தடவை தின்றிருப்பார். நிறுத்தியதற்குக் காரணம் ஆடு அல்ல. பெற்றோரிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. 1888இல் லண்டன் போகுமுன் தாயிடம் சத்தியம் செய்துகொடுத்ததால் அங்கே கறியைத் தொடவில்லை. ஆனால் மனதளவில் இந்தியர்கள் எல்லாம் கறி தின்பவர்களாக ஆக வேண்டும் என்றுதான் அதுவரை விரும்பிக்கொண்டிருந்தார். லண்டனில் ஹென்றி சால்ட்டின் புத்தகத்தைப் படித்த பிறகுதான் 'தேர்ந்து' சைவரானதாகச் சொல்கிறார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வரிசை. பிறந்த சைவம், மீறல், வாக்குறுதி, அதன்பின் தேர்வு. தேர்வு கடைசியில் வருகிறது. தின்ன முடியாதவன் தின்னாமல் இருப்பது அறமாகாது, அது வளர்ப்பு. நானோ முதல் கட்டத்தைவிட்டு நகராமலேயே நான்காம் கட்டத்தின் பெருமையை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

அதே காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில், அரையாடைக்கு மாறினார். ஏழைக்கும் தனக்கும் இடையே இருந்த துணியைக் கழற்ற முடிந்தது. 1939 ஜூலை 8இல் மீனாட்சி கோயில் கதவும் திறந்தது. அடுக்களைக் கதவு மட்டும் எங்கள் தெருவில் இன்னும் ஒருக்களித்தே இருக்கிறது.

6

தீர்மானத்தை நண்பரிடம் சொன்னேன். கொஞ்சம் ஆவேசமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். 2017 மே மாதம் மத்திய அரசு மாட்டுச்சந்தை விதிகளைக் கொண்டுவந்ததையும், அந்த மாதமே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்ததையும், மாட்டுக்கறி தின்பது எப்படி ஓர் அரசியல் செயல்பாடு ஆகிறது என்பதையும் விளக்கிக்கொண்டே போனேன். 1948இல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியோடு தொடர்புபடுத்தியதையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: 'அதே அம்பேத்கர் 1927ல மகாட்ல செத்த மாட்டத் திங்காதீங்கன்னு சொன்னாரு. அதயும் படிச்சிருக்கீங்கல்ல தோழர்? எங்க தாத்தா செத்த மாடு தூக்க மாட்டேன்னு சொன்னதுக்கு அடி வாங்கிருக்காரு. எங்க வீட்ல என்ன ஆக்குறாங்களோ அதச் சாப்பிடுங்க. ஒங்க புரட்சிக்கு நாங்க மெனு போட முடியாது.'

சரியாகத்தான் சொன்னார். கறி தின்றால் சாதி போகும் என்றால், 97 விழுக்காடு பேர் கறி தின்கிற தமிழகத்தில் சாதியே இருந்திருக்கக் கூடாது. கறிக்குள்ளேயே ஏணி இருக்கிறது. ஆடு மேலே, கோழியும் மீனும் அடுத்து, பன்றியும் மாடும் கீழே. சாதிப்பெயரைப் பலகையில் தாங்கிய மெஸ்ஸில் உட்கார்ந்து நல்லியெலும்பு உறிஞ்சிவிட்டு வருகிற பிள்ளைமார் பையன்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். ஒரு சாதியும் அவர்களை விட்டுப் போகவில்லை. கூடுதலாக ஒரு ருசி வந்திருக்கிறது.

'அசைவம்' என்ற எண்ணிக்கையும் தட்டில் இருப்பதைக் காட்டுவதில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி தின்னச் சொல்வார்கள் மதுரைப் பக்கம். வாங்க முடிந்தவர்களுக்கு அது. வானம் பார்த்த பூமியில் வாரத்தில் ஆறு நாள் எல்லாரும் சைவம்தான், வறுமையின் உபயத்தில். அந்தச் சைவத்துக்கு யாரும் 'உயர்தர' என்று பலகை மாட்டுவதில்லை.

அப்படியானால் நான் தின்பதால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பரணில் இருந்த அந்தக் குண்டாவுக்கு வேலை இல்லாமல் போகும். தீர்மானத்துக்கு அந்த ஒரு காரணம் போதும் என்று பட்டது.

7

நண்பரின் அம்மா சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. 'எதுக்கு தம்பி இப்ப? ஒங்க வீட்ல தெரிஞ்சா, அந்தப் பொம்பள சோத்தப் போட்டு எங்க புள்ளயக் கெடுத்துட்டான்னு சொல்ல மாட்டாகளா? நீங்க பேசிட்டுப் போயிருவீக. பேரு எனக்குல்ல வரும்' என்றார்கள். என் புத்தகங்களில் இல்லாத வாதம் இது. மீறலின் விலையும் அந்தப் பக்கத்தில்தான் விழும் என்பது எனக்கு உறைத்திருக்கவில்லை. முதலில் என் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.

சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அழுவாள், ஆட்டின் பாவத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். 'யாரு வீட்ல?'

என்ன கறி என்று கேட்கவில்லை. எந்த உயிர் என்று கேட்கவில்லை. யாரு வீட்ல. நான் ஐந்து பகுதிகளில் எழுதி நிறுவ முயன்றதை அம்மா இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னேன். 'ஓட்டல்ல தின்னுருந்தாக்கூட...' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு ஒரு வாரம் எனக்குப் பரிமாறவில்லை. சமைத்து மூடி வைத்திருப்பாள், நானே போட்டுக்கொள்வேன். இப்போது பரிமாறுகிறாள். அவள் கை மாறியிருக்கிறதா, மனசா என்று தெரியாது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதைத்தான் எனக்கும் கற்றுக்கொடுத்தாள்.

நான் போனது ஒரு புதன்கிழமை. ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ ஒரு பெரிய காட்சியை மனசுக்குள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாரக் கடைசி இல்லை, கூலியும் வந்திருக்கவில்லை. கத்தரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். ரேஷன் அரிசிச் சோறு. எல்லாருக்கும் இருந்த தட்டில் எனக்கும் போட்டார்கள். வாடை தாக்கியது. முதல் வாய் உள்ளே போகவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாவது வாயில் உப்பும் புளியும் தெரிந்தன. நண்பர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது பெரிய உபகாரம். 'புடிக்கலேன்னா வச்சிருங்க தம்பி, கட்டாயமா என்ன' என்றார்கள் அம்மா. பாதிக்கு மேல் சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிட்டேன் என்று எழுதினால் பொய்.

அன்று இரவு என் வயிற்றுக்குள் எதுவும் கத்தவில்லை. ஆனால் வேறொரு கணக்கு ஓடியது. ஓர் ஆட்டை வெட்டினால் பத்துக் குடும்பம் சாப்பிடும். நெத்திலி என்றால் என் தட்டில் மட்டும் பதினைந்து இருபது உயிர் இருந்திருக்கும். குன்றின் கற்படுக்கையில் படுத்திருந்தவரின் கேள்வி முதல்முறையாக எனக்கு நேராக வந்து நின்றது. இதுவரை அது என்னைத் தொட்டதே இல்லை. தீட்டு நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருந்தது. இனி நான் தின்பதோ விடுவதோ அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும். விட்டாலும் விடலாம். அப்படி விட்டால் அதற்குச் 'சைவம்' என்று பெயர் வைக்க மாட்டேன். அந்த வீட்டுக்குப் போனால், கறி கிடக்கும் குழம்பில் காயை மட்டும் எடுத்து, அதே சட்டியிலிருந்து ஊற்றிச் சாப்பிடத் தெரிய வேண்டும். கொல்லாமைக்கு அது போதும். அதற்கு மேல் கேட்பது எதுவும் உயிரின் பொருட்டல்ல.

போன மாதம் போயிருந்தேன். அந்த எவர்சில்வர் குண்டாவில் அம்மா கருவாடு ஊறப்போட்டிருந்தார்கள்.

இது என் ஒருவனுடைய கணக்கு. நம் இலக்கியக் கூட்டங்களின் மதிய இடைவேளையில் 'சைவம் இந்தப் பக்கம், அசைவம் அந்தப் பக்கம்' என்று இரண்டு வரிசை பிரிந்து நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், நின்றும் இருக்கிறோம். எந்த வரிசையில் ஏன் நிற்கிறோம் என்று தோழர்களும் எழுதலாம்.